ஆணியின் மறுபக்கம் பிடித்தவர்களுக்கு

பெஸ்தாரி ஜெயா மக்களுக்கும் சுற்றுவட்டாரத் தோட்டத்து உறவுகளுக்கும் வணக்கம்.

என் பத்தடி மரப்படகு சென்ற மாதம் சிலாங்கூர் ஆற்றில் இறங்கியது. பார்க்கிறவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துப் பாராட்டுகிறார்கள். ஆனால் ஒற்றை ஆளாக இப்படகைக் கட்டியிருக்கவே முடியாது. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. வேலையே அப்படிப்பட்டது.

ஒரு பலகையின் விளிம்பில் அடுத்த பலகை சற்று ஏறி அமரும் முறையில் இதைக் கட்டினோம். இரண்டும் சேரும் இடத்தில் செப்பு ஆணியை வெளியிலிருந்து உள்ளே செலுத்த வேண்டும். உள்ளே நீளும் முனையில் செப்பு வளையத்தை மாட்டி, மிச்சத்தை வெட்டிவிட்டு, சிறு சுத்தியலால் தட்டித் தட்டிக் குமிழாக்க வேண்டும். அவ்வளவு நேரமும் வெளியே இன்னொருவர் கனமான இரும்புக் கட்டியை ஆணித் தலைமீது அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் ஆணி பின்வாங்கிவிடும். பக்கத்து வீட்டு அக்காவின் மகன், எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வின் முடிவுக்காகக் காத்திருந்த நாள்களில், கடைசி ஆணி வரை குந்தியிருந்து அந்த இரும்பைப் பிடித்தான். காதை அடைக்கும் சத்தம், முதுகில் வெயில். ஒருமுறைகூட அவன் முகம் சுளிக்கவில்லை. தம்பி, இந்தப் பலகைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது உன் கைதான்.

அடுத்து ஆசாரி ஐயா. 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்த தென்னமரம் தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர். படகின் உள்ளே விலா எலும்புபோல் நிற்கும் வங்குக்கால் சட்டங்களை நீராவியில் வேகவைத்து வளைக்கச் சூளையில் உலர்த்திய மரம் ஆகாது, ஈரம் காயாத, நார் நேராக ஓடும் மரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது நீராவிக் கணக்கு; எங்கள் சட்டங்கள் அரை அங்குலம், ஆகவே அரை மணி. நீராவிப் பெட்டியிலிருந்து எடுத்த சட்டத்தை ஒரு நிமிடத்துக்குள் வளைத்துப் பொருத்திவிட வேண்டும், தாமதித்தால் விறைத்துவிடும். "பேசாதே, அழுத்து!" என்ற அவர் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த நீராவிக்கு அடுப்பும் அண்டாவும் தந்தவர் கல்யாணச் சமையல்காரர் அண்ணன். முகூர்த்த மாதத்தில் தொழில் சாமான்களை இரவல் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

நான் செங்கால் மரம்தான் கேட்டேன். திரெங்கானு டுயோங் தீவில் கடலோடும் படகுகளுக்கு அது சரி, ஆற்றில் தனியாளாகத் தண்டு வலிக்க அவ்வளவு கனம் எதற்கு என்று மரக்கடை முதலாளியான தவுக்கே கேட்டார். பிறகு அடுக்கு முழுவதையும் புரட்டி, கணு இல்லாத மெராந்திப் பலகைகளைத் தாமே பொறுக்கித் தந்தார். விலையிலும் குறைத்தார்.

கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வருவோரைச் சம்பானில் ஏற்றித் துடுப்புப் போடும் மலாய்ப் பெரியவர் பாக் சிக்குக்குத் தனி வணக்கம். முதல் நாள் தண்ணீர் உள்ளே கசிந்தபோது கரையில் நின்றவர்கள் தார் பூசச் சொன்னார்கள். அவர் மட்டும் தடுத்தார். படகை அப்படியே நீரில் கட்டிப்போடச் சொன்னார். மரம் நீர் குடித்து உப்பியது, இடைவெளிகள் தாமாக மூடிக்கொண்டன. தண்டுகளின் அளவும் அவர் சொன்னதே: மூன்றரை அடி அகலப் படகுக்கு ஏழடித் தண்டு, அதில் இரண்டடி உள்பக்கம்.

கொல்லையைப் பட்டறையாக்க விட்டுக்கொடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிய என் அம்மாவுக்கும் நன்றி.

படகில் போக விரும்பும் பிள்ளைகள் ஞாயிறு காலையில் பெற்றோருடன் வரலாம். மிதவைச் சட்டை கட்டாயம். நீராவிப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். வேறு யாராவது படகு கட்டத் தொடங்கினால் எடுத்துப் போங்கள். ஆணி அடிக்கும் நாளில் ஆள் அனுப்புங்கள், வெளிப்பக்கம் இரும்பு பிடிக்க நான் வருகிறேன்.