பொதி வேண்டாம், வலை தாருங்கள்: உதவி அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் கரையோரக் கிராமங்களுக்கு உதவிவரும் புலம்பெயர் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இரவு வேலை செய்து மிச்சம் பிடித்த காசைத்தான் அனுப்புகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகும், 2022 பொருளாதார நெருக்கடியிலும் அந்தக் காசில் இங்கே எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது. அந்த நன்றி என்றைக்கும் இருக்கிறது. ஆனால் போன கிழமை எங்கள் சனசமூக நிலையத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

உலர் உணவுப் பொதி காலை பத்து மணிக்கு என்றார்கள். பிரதம விருந்தினர் வர பன்னிரண்டு தாண்டிவிட்டது. அந்த நேரம் எங்கள் பெண்களுக்கு என்ன நேரம் என்று யாரும் விசாரிக்கவில்லை. விடியப்புறம் வள்ளம் கரைக்கு வந்தால் வலையிலிருந்து நண்டு கழற்றுவது அவர்கள்தான். கால் முறியாமல் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கால் முறிந்தால் விலை குறையும், வெயில் ஏறினாலும் குறையும். அன்றைக்குப் பாதி வலை கழற்றாமலே கரையில் காய்ந்தது. அரிசியும் பருப்பும் சீனியும் கையில் வந்தன, உழைப்பு வெயிலில் போனது. பிறகு பதாகைக்கு முன்னால் நிறுத்திப் படம். அன்றிரவே முகநூலில் வந்துவிட்டது. அதில் இருந்த ஒரு சிறுமியை வகுப்பில் ‘பொதிப் பிள்ளை’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுகிறாள்.

தயவுசெய்து பொதியை நிறுத்தி வலை தாருங்கள்.

ஒருவரின் நண்டு வலையை றோலர் (கடலடியில் வலையை இழுத்துக்கொண்டு போகும் இழுவைமடிப் படகு) அறுத்துக்கொண்டு போனால் என்ன நடக்கிறது? புது வலை, கயிறு, மிதப்பு, ஈயம் எல்லாம் வாங்கக் கையில் காசில்லை. நண்டு வாங்குபவரிடம் முற்பணம் வாங்குகிறார். அன்றிலிருந்து பிடிப்பதெல்லாம் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே. கடன் தீருமுன் அடுத்த வலையும் அறுபடுகிறது. உங்கள் பொதி இரண்டு கிழமையில் முடிந்துவிடும், இந்தக் கடன் ஆண்டுக்கணக்கில் முடியாது.

இழுவைமடியைத் தடை செய்து 2017இலேயே இலங்கையில் சட்டம் வந்தது. இன்னும் இந்திய றோலர்கள் வருகின்றன. கரையில் நின்றே வெளிச்சம் தெரிகிறது. 2022 ஓகஸ்டில் வள்ளம் ஓட்டும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியபோது பட்ட கடனைச் சிலர் இன்னும் கட்டுகிறார்கள். எங்கள் சனத்தின் தொப்புள்கொடி உறவு பற்றி மேடையில் பேசுபவர்கள் இரண்டு கரையிலும் இருக்கிறார்கள், அறுந்த வலைக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. மன்னிக்க வேண்டும், இவை உங்களிடம் கேட்க வேண்டியவை அல்ல.

உங்களிடம் கேட்பது வலை மட்டும்தான். யாருடைய வலை எந்த இரவில் அறுந்தது என்பது அந்தந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக்குத் தெரியும். அடுத்த உதவியைத் தீர்மானிக்குமுன் அவர்களோடு ஒருமுறை பேசுங்கள். கணவனை இழந்து, நண்டு கழற்றும் கூலியில் பிள்ளைகளை வளர்க்கும் பெண்களுக்கு வலை உதவாது, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பற்றுச்சீட்டும் கணக்கும் ஒழுங்காக அனுப்பிவைப்பது இங்குள்ள தொண்டர்களாகிய எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
கரையோரக் கிராமத் தொண்டர் ஒருவர்
யாழ்ப்பாணம்