குவாரண்டைன் கட்டணம் வாங்கிக்கொண்டு நோயுற்ற அனிமோனை (கடல் உயிரினம்) அனுப்பியது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
பெரம்பூர், சென்னை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
கடல் மீன் மற்றும் அலங்கார உயிரின விற்பனை நிறுவனம்,
சென்னை.

பொருள்: குவாரண்டைன் (தனியே வைத்துக் கண்காணிப்பது) செய்யாமலே அதற்குக் கட்டணம் வசூலித்தது, லேபிள் இல்லாத ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூல் விற்றது, இழப்பீடு கோருதல்.

ஐயா / அம்மையீர்,

என் புகாரை முடித்துவைத்துவிட்டதாக நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது. அனிமோன் உயிரோடு இருக்கிறது, ஆகவே வாடிக்கையாளருக்கு இழப்பு ஏதும் இல்லை என்கிறீர்கள். அது உயிரோடு இருப்பது உண்மைதான். அதில் உங்கள் பங்கு எதுவும் இல்லை என்பதும் உண்மை. அதனால் இந்த முறை வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு, ஸ்பீட் போஸ்ட்டில் எழுதி அனுப்புகிறேன்.

நான் வாங்கியது, பாறையில் அடிப்பாதத்தால் ஒட்டி வாழும் கடல் உயிரான அனிமோனில், ஊதா அடிப்பாதம் கொண்ட மேக்னிஃபிகா வகை. வளர்ப்பதற்குக் கடினமான வகை, பயணத்தில் சீக்கிரம் நோயில் விழும் வகை என்று தெரிந்தேதான் வாங்கினேன். கொளத்தூரிலோ பாரிமுனைப் பக்கமோ போய் நேரில் பார்த்து வாங்காமல் உங்களிடம் கூடுதல் விலை கொடுத்ததற்குக் காரணம், உங்கள் இணையதளத்தில் இருந்த ஒரு வரி: "14 நாள் குவாரண்டைனில் வைத்து, தீனி எடுப்பதை உறுதிசெய்த பிறகே அனுப்புகிறோம்." பில்லிலும் 'குவாரண்டைன் கட்டணம்' என்று தனி வரி போட்டு வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் என் வீட்டுக்குப் பெட்டி வந்ததற்கு முந்தைய நாள் மாலை, உங்கள் கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'புது ஸ்டாக் வந்தாச்சு' என்று ஒரு படம் போட்டிருந்தீர்கள். பையைப் பிரிக்கிறார்கள், உள்ளே ஊதா அடிப்பாதம், அதன் ஓரத்தில் ஒரு கிழிசல். மறுநாள் என் கைக்கு வந்த அனிமோனிலும் அதே இடத்தில் அதே கிழிசல். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்செடுத்து இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு, அந்த 14 நாள் எங்கே போனது என்று நீங்களே சொல்லுங்கள்.

பெட்டியைப் பிரித்ததிலிருந்தே வீடியோ எடுத்திருக்கிறேன். புது இடத்துக்கு வந்த அனிமோன் முதல் நாள் சுருங்கிக் கிடக்கும். அதற்கெல்லாம் நான் புகார் எழுத மாட்டேன். இதன் வாய் திறந்து, உள்ளிருக்கும் சதை வெளியே தெரிந்தது. அடிப்பாதம் கண்ணாடியில் ஒட்டவில்லை. கையுறை போட்ட விரலை வைத்தால் வாயைச் சுற்றி விரல் விரலாக இருக்கும் கொடுக்குகள் பற்ற வேண்டும், பற்றவில்லை. அடுத்து வந்த நாட்களில் உப்புவதும் சப்பென்று வற்றுவதுமாக மாறிமாறி நடந்தது, ஒவ்வொரு முறை வற்றும்போதும் பழுப்பு நிறத்தில் நூல் நூலாக வெளியே தள்ளியது. பாறையிலிருந்து சுரண்டிப் பிடுங்கும்போது அடிப்பாதம் கிழிந்தால் அந்தப் புண் வழியாகக் கிருமி ஏறும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பாலபாடம். குவாரண்டைன் என்பதே இப்படிப்பட்ட உயிரை வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகாமல் தடுக்கத்தானே?

உங்கள் ஊழியரைக் கேட்டேன். "பயணக் களைப்பு மேடம், உங்க க்ளவுன் ஜோடியை விடுங்க, அதுங்களே சரி பண்ணிடும்" என்றார். அனிமோனுக்குள் குடியிருக்கும் பழக்கமுள்ள இரண்டு க்ளவுன் மீன்கள், ஒட்டக்கூடத் தெம்பில்லாத ஒன்றை நாளெல்லாம் உரசினால் என்ன ஆகும் என்று அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மறுபடி கேட்டபோது அவரே ஒரு பாக்கெட்டை, விலை வாங்கிக்கொண்டு, அனுப்பி வைத்தார். என் கோபம் அந்தப் பாக்கெட்டைப் பற்றியது.

நான் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தர முடியாது என்று சொல்லிச் சொல்லியே பலரிடம் திட்டு வாங்கியவள். எனக்கு நீங்கள் அனுப்பியது ஒரு ஜிப் கவர். மேலே பால்பாயிண்ட் பேனாவில் 'அனிமோன் மருந்து' என்று எழுதியிருந்தது. உள்ளே சில கேப்ஸ்யூல்கள். மருந்தின் பெயர் இல்லை, எத்தனை மில்லிகிராம் என்று இல்லை, பேட்ச் எண் இல்லை, காலாவதி தேதி இல்லை. என்ன மருந்து என்று கேட்டதற்கு "சிப்ரோ மாதிரி" என்று பதில் வந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் மருந்து விதிகளின் அட்டவணை எச்-இல் உள்ள மருந்து; மருத்துவர் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது. அதை மருந்துக் கடை உரிமம் உள்ளவர்கள் விற்கவே இத்தனை கட்டுப்பாடு இருக்கும்போது, மீன் தீனியோடு சேர்த்து நீங்கள் எப்படி விற்கிறீர்கள்? போதாக்குறைக்கு, "அரை கேப்ஸ்யூலை மெயின் டேங்க்ல கொட்டிடுங்க மேடம்" என்று செய்முறை வேறு. மெயின் டேங்கின் பாறையிலும் மணலிலும் இருக்கும் நல்ல பாக்டீரியாதான் மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைத்து டேங்கைத் தாங்குகிறது. அங்கே ஆன்டிபயாடிக்கைக் கொட்டினால் அதுவும் அடிபடலாம். அம்மோனியா ஏறி, நன்றாக இருந்த மீன்களும் சேர்ந்து போகலாம். அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. அப்படியே வைத்திருக்கிறேன், தேவைப்படும் இடத்தில் கொடுப்பேன்.

வைத்தியம் எப்படி நடந்தது என்று நீங்கள் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'இழப்பு இல்லை' என்று எழுதியிருக்க மாட்டீர்கள்.

தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் வீடியோவைக் காட்டி, அவர் எழுதிய சீட்டின் பேரில் 250 மில்லிகிராம் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை வாங்கினேன். அனிமோன் வளர்ப்பவர்களிடையே புழங்கும் அளவு ஏறத்தாழ 38 லிட்டருக்கு 250 மில்லிகிராம். ஆகவே 40 லிட்டர் பிடிக்கும் வெறும் கண்ணாடித் தொட்டி ஒன்றைத் தயார் செய்தேன். மணல் இல்லை, பாறை இல்லை. பிடிப்பில்லாமல் நகரும் அனிமோன், தண்ணீரைச் சுழற்றும் பம்ப்பான பவர்ஹெட்டின் வாயில் சிக்கினால் அரைபட்டுவிடும் என்பதால் அதைச் சுற்றி வலை கட்டினேன். இந்த மருந்து வெளிச்சத்தில் சிதையும். அனிமோனுக்கோ வெளிச்சம் வேண்டும், அதன் உடலுக்குள் குடியிருக்கும் பாசி ஒளிச்சேர்க்கை செய்துதான் அதற்குப் பெரும்பங்கு உணவைத் தருகிறது. அதனால் பகலில் விளக்கு, இரவு விளக்கை அணைத்த பிறகு மருந்து, மறுநாள் மாலை மொத்தத் தண்ணீரையும் மாற்றுவது, மறுபடி மருந்து என்று சுற்றிச் சுற்றி ஓடியது வீடு.

மொத்தத் தண்ணீர் என்றால் என்னவென்று கணக்குப் பாருங்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று வைத்தாலும் 40 லிட்டருக்கு 1.4 கிலோ. ஒவ்வொரு நாளும். கடல் டேங்குக்கான உப்பு என்ன விலை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள்தானே விற்கிறீர்கள். ஆர்.ஓ. தண்ணீரை முந்தைய இரவே டிரம்மில் பிடித்து, உப்பைக் கரைத்து, அடர்த்தி 1.025-க்கு வந்துவிட்டதா என்று பார்த்து, சூட்டையும் சமப்படுத்தி வைக்க வேண்டும். சூடு என்றதும் இன்னொன்று. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்பெல்லாம் 'ஹீட்டர் வாங்கு' என்று தொடங்கும். சென்னையில் மே மாதம் அறைக்குள்ளேயே 32 டிகிரி தாண்டுகிறது. நோயாளிக்கு வேண்டியதோ 26. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெயின் டேங்கில் மாட்டியிருக்கிறது. எனவே படுக்கையறை ஏ.சி.யை அனிமோனுக்கு ஒதுக்கிவிட்டு என் வீட்டுக்காரர் ஹாலில் பாய் விரித்தார். தொட்டியின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் குளிரும்தான், ஆனால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும், அதற்கு ஈடாக உப்பில்லாத தண்ணீர் ஊற்ற வேண்டும். நடுவில் மின்வெட்டு வேறு.

வெளியே எடுத்த தண்ணீரை என்ன செய்வது என்று உங்கள் ஊழியரிடம் கேட்டதற்கு "பாத்ரூம்ல ஊத்திடுங்க" என்றார். மருந்து கலந்த தண்ணீரைத் தினமும் 40 லிட்டர் சாக்கடையில் விட்டால், மருந்துக்கு அடங்காத கிருமிகளை நாமே ஊட்டி வளர்க்கிறோம் என்று அர்த்தம். முடிந்தவரை மருந்தை உறிஞ்சட்டும் என்று ஆக்டிவேட்டட் கார்பன் வழியாக ஓட்டிவிட்டே கொட்டினேன். அந்தக் கார்பனும் என் செலவு.

முதலில் அடிப்பாதம் கண்ணாடியைப் பிடித்தது. பிறகு வாய் இறுகியது. கொடுக்குகளில் ஒட்டும் தன்மை வந்த பிறகுதான் சின்ன இறால் துண்டு கொடுத்தேன், உள்ளே இழுத்துக்கொண்டது. ஆனால் நிறம் வெளுத்துப் போயிருக்கிறது. வெளியே தள்ளிய பழுப்பு நூலோடு அந்தப் பாசியும் போயிருக்கிறது. அது மறுபடி பெருகி நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். உங்கள் தளத்தில் இப்படி வெளுத்த அனிமோனை 'குறையுள்ளது' என்று தள்ளுபடி விலையில்தான் போடுகிறீர்கள். எனக்கு மட்டும் முழு விலை, இழப்பு இல்லை.

உங்கள் 'உயிர் உத்தரவாதம்' பற்றியும் சொல்லியாக வேண்டும். டெலிவரியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் செத்திருந்தால், செத்ததற்குப் படம் அனுப்பினால், பணம் திரும்ப வரும் என்பது நிபந்தனை. மீனுக்கு இது பொருந்தலாம். அனிமோன் அப்படிச் சாவதில்லை. நோயோடு வந்தாலும் நாள்கணக்கில், சிலசமயம் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்து, ஒருநாள் கரைந்து டேங்கையே நாறடித்துவிட்டுப் போகும். எடின்பரோவில் 1828-இல் ஜான் டாலியல் என்ற இயற்கையியலாளர் கடலிலிருந்து எடுத்து வந்து ஜாடியில் வைத்த ஓர் அனிமோன், அவருக்குப் பிறகும் கைமாறி, 1887 வரை இருந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகூட வாழக்கூடிய உயிர் வகைக்கு 24 மணி நேர உத்தரவாதம் தருவதில் உங்களுக்கு என்ன ஆபத்து? நான் ஒன்றும் செய்யாமல் மெயின் டேங்கில் போட்டுச் சாக விட்டிருந்தாலும், உங்கள் கணக்கில் நான் தாமதமாகத்தான் புகார் செய்திருப்பேன்.

அனிமோன் எந்தக் கடலில் எடுக்கப்பட்டது என்று பில்லில் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது என்பதே என் கவலை. எங்கிருந்து, யார் மூலம் வந்தது என்பதை எழுத்தில் தாருங்கள். என் க்ளவுன் மீன்கள் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தவை, அதற்கான தாள் என்னிடம் இருக்கிறது. அனிமோனுக்கும் அப்படி ஒரு தாள் வேண்டும்.

நான் கேட்பது இவை. குவாரண்டைன் கட்டணம் முழுவதும், அந்த ஜிப் கவர் மருந்துக்கு வாங்கிய பணமும், உப்பு, மாத்திரை, கார்பன் செலவும் (ரசீதுகள் இணைப்பில்) திரும்ப வர வேண்டும். நிறமிழந்த அனிமோனுக்கு, உங்கள் சொந்தத் தள்ளுபடி விலைக்கும் நான் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் வர வேண்டும். ஏ.சி. மின்கட்டணத்தையும் ஹாலில் படுத்தவரின் முதுகுவலியையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. லேபிள் இல்லாத மருந்து விற்பனையை இன்றே நிறுத்துங்கள். அதே ஸ்டேட்டஸ் படத்தில் பின்னால் இன்னும் சில பைகள் தெரிகின்றன. அந்த அனிமோன்களை வாங்கியவர்களுக்கு உடனே போன் செய்து, மெயின் டேங்கில் விடாமல் தனியே வைக்கச் சொல்லுங்கள். பணத்தைவிட இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். என் முதல் புகாருக்கு ஒப்புகையே வரவில்லை, நேராக 'முடித்துவைக்கப்பட்டது' என்றுதான் வந்தது. இந்தக் கடிதத்துக்கும் அப்படியே நடந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. கேப்ஸ்யூல் பாக்கெட்டின் படத்தோடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தனிக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அது உங்கள் பதிலுக்காகக் காத்திருக்காது, நாளையே போகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், பெட்டி பிரித்த வீடியோ உள்ள பென்டிரைவ், ஸ்டேட்டஸ் படமும் என் படமும், வாட்ஸ்அப் உரையாடல் அச்சு, கால்நடை மருத்துவர் சீட்டு நகல், ரசீதுகள்.