ஒன்பதாம் வசனத்தையும் ஒட்டுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தருமபுரத்தில் சின்னதாக ஒரு மில் நடத்துகிறேன். மிளகாய்த்தூள், அரிசிமா, குரக்கன்மா அரைத்துப் பைக்கட்டுப் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். என்னோடு நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். போன மாதம் பொலித்தீன் பை வாங்கக் கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் இருக்கும் ஒரு கடைக்குப் போனேன். காசு மேசைக்குப் பக்கத்துச் சுவரில், வேலை செய்யும் பிள்ளைகளின் கண்ணில் படுகிற மாதிரி, ஒரு வேத வசனத்தைப் பெரிய எழுத்தில் அடித்து லமினேட் பண்ணி ஒட்டியிருந்தது. பவுல் எழுதிய எபேசியர் கடிதம், ஆறாம் அதிகாரம் ஐந்தாம் வசனம். வேலைக்காரர் தங்கள் எஜமான்களுக்குப் பயத்தோடும் நடுக்கத்தோடும் கீழ்ப்படிய வேண்டும் என்பது. அதற்குக் கீழே அதே அளவு எழுத்தில் இன்னொரு தாள்: "வேலை நேரத்தில் போன் பாவித்தால் தண்டம் 500 ரூபா."

நான் பார்ப்பதை முதலாளி கண்டுவிட்டார். "நல்ல வசனம் என்ன அக்கா? நீங்களும் ஒண்டு அடிச்சு மில்லில ஒட்டுங்கோவன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. சபைக்கு ஒழுங்காக வருபவர், காணிக்கை போடுவதில் கஞ்சத்தனம் பார்க்காதவர். அவருக்குப் பின்னால் ஒரு பிள்ளை நின்றுகொண்டு பில் எழுதியது. காலை எட்டு மணிக்கு வந்தால் கடை பூட்டும்வரை நிற்கிற பிள்ளை. அந்தக் கடையில் கதிரை ஒன்றுதான் இருக்கிறது.

நான் ஒன்றும் சொல்லாமல் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சொல்ல வாய் வராததற்குக் காரணம் இருந்தது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து வேதத்தை எடுத்துப் பார்த்தேன். எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் "வேலைக்காரரே" என்றுதான் இருக்கிறது. மில்லில் வேலை செய்யும் மன்னார்ப் பக்கத்து அக்கா ஒருவர் கத்தோலிக்கர். அவரிடம் இருக்கும் திருவிவிலியத்தில் அதே வசனம் "அடிமைகளே" என்று தொடங்குகிறது. என்ன இது என்று மகளைக் கேட்டேன். உயர்தரத்துக்குக் கிறிஸ்தவ நாகரிகம் எடுத்துப் படித்தவள். கிரேக்கத்தில் அந்தச் சொல் தூலோஸ், அதற்கு அடிமை என்றுதான் பொருள், விலைக்கு வாங்கி விற்கப்பட்ட மனிதர் என்று சொன்னாள். இயேசு அடிமையின் ரூபமெடுத்தார் என்று பிலிப்பியரில் வாசிக்கிறோமே, அதுவும் இதே சொல்தான். அங்கே அடிமை என்று போட்டவர்கள் இங்கே வேலைக்காரர் என்று போட்டுவிட்டார்கள். மரியாதையாக இருக்கட்டும் என்று போட்டார்களோ என்னவோ. ஆனால் அந்த ஒரு சொல் மாறியதால், ரோம அடிமைக்குச் சொன்னது கிளிநொச்சியில் சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளைக்கு நேரே வந்து விழுகிறது. அடிமைக்கு வேலையை விட்டுப் போக வழியில்லை. இந்தப் பிள்ளைக்கு இருக்கிறது. இருக்க வேண்டும்.

அதே அதிகாரத்தில் நான்கு வசனம் தள்ளி, ஒன்பதாவதில், பவுல் எஜமான்களைப் பார்த்துப் பேசுகிறார். கடுமையான பயமுறுத்தலை விட்டுவிடுங்கள், உங்களுக்கும் அவர்களுக்கும் எஜமான் பரலோகத்தில் இருக்கிறார், அவரிடத்தில் பட்சபாதம் இல்லை என்கிறார். கடைச் சுவரில் அது இல்லை.

இப்படி வெட்டி ஒட்டுவது புதிய வேலை இல்லையாம். 1807 இல் லண்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்கென்றே ஒரு வேதாகமத்தை வெட்டிச் சுருக்கி அச்சடித்திருக்கிறார்கள். மோசே ஜனத்தை எகிப்திலிருந்து கூட்டிக்கொண்டு வெளியேறும் கதை அதில் இல்லை. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்று சொல்லும் கலாத்தியர் வசனம் இல்லை. கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் வசனம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. மகள் இதைச் சொன்னபோது எனக்கு அந்த லமினேட் தாள்தான் கண்ணுக்குள் நின்றது.

சரி, கடையில் நான் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு வருகிறேன்.

2009 இல் யுத்தம் முடிந்த பிறகு, செட்டிகுளம் முகாமிலிருந்து வந்து, பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு, 2011 இல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். ஆறு வருடம் ஒரே வீடு. மேடம் அடித்ததில்லை, சாப்பாட்டுக்குக் குறை வைத்ததில்லை, பெருநாளுக்கு உடுப்பும் காசும் தருவா. ஆனால் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போன அன்றே என் பாஸ்போர்ட் அவவின் அலுமாரிக்குள் போய்விட்டது. அங்கே நம்முடைய விசா அந்த வீட்டுக்காரரின் பெயரோடுதான் கட்டியிருக்கும். அவரைக் கேட்காமல் வெளியேறினால் ஓடிப்போனவள் என்று பொலிஸில் கொடுப்பார்கள். 2017 இல் ஊருக்கு வரும்போது, விமான நிலைய வாசலில் மேடம் பாஸ்போர்ட்டைத் தன் கைப்பைக்குள்ளிருந்து எடுத்துத் தந்தா. நான் இரண்டு கையாலும் வாங்கி "ஷுக்ரன் மேடம்" என்றேன். என்னுடைய பாஸ்போர்ட்டை எனக்குத் தந்ததற்கு நான் நன்றி சொன்னேன்.

அந்தச் சம்பளக் காசில்தான் மில் போட்டேன். மில்லில் வேலைக்கு வந்த ஒரு தங்கச்சி, பிள்ளைக்குச் சுகமில்லை என்று 40,000 ரூபா முற்பணம் கேட்டாள். கொடுத்தேன். கொடுக்கும்போது, "ஐசியைத் தந்துவிட்டுப் போ, காசு முடிய வாங்கிக்கொள்ளலாம்" என்றும் சொன்னேன். எல்லோரும் செய்கிறதுதானே என்று நினைத்தேன். அடையாள அட்டையை மின்சார பில்கள் போட்டு வைக்கும் பிஸ்கட் பேணிக்குள் வைத்துவிட்டு மறந்தும் போனேன். ஏழு மாதம்.

ஒரு நாள் காலையில் அவள் வந்து, "அக்கா, ஐசியை ஒருக்காத் தாங்கோ, அஸ்வெசும உதவிக் காசு விஷயமா வங்கிக்குப் போகவேணும், பின்னேரம் கொண்டுவந்து தந்திடுறன்" என்றாள். பேணியைத் திறந்து கொடுத்தேன். சொன்னபடி நாலு மணிக்குத் திரும்பி வந்தாள். மிளகாய்த்தூள் படிந்திருந்த மேசையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்து, அட்டையை அந்த இடத்தில் வைத்து, "தாங்ஸ் அக்கா" என்றாள். ஒரு மூலை மடிந்து வெள்ளையாகிப்போன அட்டை. படத்தில் இன்னும் கல்யாணம் ஆகாத பிள்ளை.

அந்த "தாங்ஸ்" எனக்கு நெஞ்சில் ஏறி மிதித்தது. அன்று இரவு நித்திரை வரவில்லை.

எங்கள் குடும்பம் மலைநாட்டிலிருந்து வந்தது. 1977 கலவரத்தோடு, நான் கைக்குழந்தையாக இருக்கும்போது, தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தார்கள். எங்கள் அம்மாயி (இங்கே வந்த பிறகு அம்மம்மா என்று சொல்லப் பழகிக்கொண்டோம்) தன் தாய் காலத்துத் துண்டுக் கதையைச் சொல்லுவா. இந்த நாட்டில் அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்தது 1844 இல். ஆனால் தோட்டத்துக்குக் கூட்டி வந்த சனத்தைக் கடன் கட்டிப்போட்டது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் துண்டு என்ற சீட்டு வேண்டும். அந்தத் துண்டில் கடன் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அதைக் கட்டுகிறவன் பக்கம் ஆள் போகும். 1921 இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. அதற்குள் எத்தனை பேரின் வாழ்நாள் முடிந்திருக்கும். இவ்வளவையும் கேட்டு வளர்ந்தவள், குவைத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு இருந்தவள், தருமபுரத்தில் பிஸ்கட் பேணிக்குள் ஒரு துண்டு வைத்திருந்தேன்.

தோட்டத்தில் எங்கள் ஆட்களுக்கு 1854 இல் வந்த மிஷனுக்குத் தமிழ்க் கூலி மிஷன் என்றே பெயர். அவர்களால் எங்களுக்கு வேதம் கிடைத்தது, படிப்பும் கிடைத்தது, அதை நான் மறுக்கவில்லை. அந்த மிஷனுக்குக் காசு கொடுத்தவர்களில் தோட்டத் துரைமாரும் இருந்தார்கள். வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நின்று துண்டைப் பற்றி யார் பிரசங்கம் பண்ணியிருப்பார்கள்?

பவுலிலும் எனக்கு ஒரு குறை உண்டு. பிலேமோனுக்கு எழுதிய கடிதம் ஒரே அதிகாரம், 25 வசனம். பிலேமோன் தன் வீட்டிலேயே சபை கூட்டியவர், அடிமையும் வைத்திருந்தவர். அவருடைய அடிமை ஒநேசிமு எப்படியோ சிறையில் இருந்த பவுலிடம் வந்து சேர்ந்துவிடுகிறான். பவுல் அவனைத் திருப்பி அனுப்புகிறார். அடிமையாக இல்லாமல் பிரியமுள்ள சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். "விடுதலை செய்" என்று நேராக ஒரு சொல் எழுதவில்லை. எழுதியிருந்தால் எத்தனை நூற்றாண்டு மிஞ்சியிருக்கும் என்று எனக்குக் கோபம் வருவதுண்டு.

ஆனால் அந்தக் கடிதத்தில் இன்னொன்று இருக்கிறது. அவன் உனக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் போட்டுக்கொள், நான் தீர்ப்பேன், இதை என் சொந்தக் கையால் எழுதுகிறேன் என்கிறார் பவுல். கடனை ஆளிலிருந்து கழற்றித் தன் பெயரில் எழுதிக்கொள்கிறார். துண்டு செய்த வேலைக்கு நேரெதிர் வேலை. அத்தோடு, கடிதத்தைப் பிலேமோனுக்கு மட்டும் எழுதவில்லை, அவர் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறார். நாலு பேர் முன்னால் வாசித்தால் மறைக்க முடியாதே. நான் கடை முதலாளியிடம் தனியாகச் சொல்லாமல் உங்கள் பத்திரிகைக்கு எழுதுவதற்கும் அதுதான் காரணம். கடையின் பெயரை எழுதவில்லை, வாசித்தால் அவருக்கு விளங்கும்.

பவுல் சொல்லாமல் விட்டதை நாலாம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரி என்ற ஆயர் சொல்லியிருக்கிறார். தேவசாயலில் படைக்கப்பட்டவனுக்கு எத்தனை காசு விலை போட்டாய், ஒரு துண்டுச் சீட்டும் எழுதிய ஒப்பந்தமும் எண்ணிக் கொடுத்த சில்லறையும் உன்னை அவனுக்கு எஜமானாக்கிவிட்டதாக நம்பிவிட்டாயா என்று கேட்கிறார். மகளின் கொப்பியில் இதை வாசித்தபோது பிஸ்கட் பேணி இருந்த பக்கம் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

வேலை செய்ய வந்தால் வேலை செய்யத்தான் வேண்டும். என் மில்லிலும் பிந்தி வருகிறவர்கள் இருக்கிறார்கள், போனைப் பார்த்துக்கொண்டு மாவைக் கருக விட்டவளும் இருக்கிறாள், நான் ஏசியும் இருக்கிறேன். அதற்கு நேரமும் சம்பளமும் பேசிக்கொண்ட பேச்சுப் போதும். பயமும் நடுக்கமும் எதற்கு? வேதம்தான் வேண்டுமென்றால் யாக்கோபு ஐந்தாம் அதிகாரம் இருக்கிறது. வயல் அறுத்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்கிறார். இரணைமடுத் தண்ணீரில் காலபோகம் செய்து, நெல் விற்ற பிறகு பார்ப்போம் என்று அறுத்தவர்களுக்குக் கூலி சொல்லி அனுப்பும் கமக்காரர் நம் சபைகளில் எத்தனை பேர்! உபாகமம் 24 இல் பொழுதுபட முன் கொடுத்துவிடு என்றிருக்கிறது. அதை ஒரு சுவரிலும் நான் காணவில்லை.

அட்டையை மறுநாளே கொடுத்துவிட்டேன். இரண்டு சி.ஆர். கொப்பி வாங்கி, மிச்சக் கடனையும், மாதம் 2,000 கழிப்பதையும், வேலையை விட்டுப் போனாலும் கடன் கடனாகவே இருக்கும், ஆளைப் பிடித்து வைக்காது என்பதையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். ஒன்று அவளிடம். ஊழியர் சேமலாப நிதிக்கு நான் இன்னும் பதியவில்லை. அதைக் கட்ட வேண்டும் என்பது 1958 இலிருந்து சட்டம்; இப்போது அவர்களுடைய 8 சதவீதமும் என்னுடைய 12 சதவீதமும். படிவம் மேசையில் கிடக்கிறது. இந்தக் கடிதம் அச்சில் வருவதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்றுதான் அதை முதலே எழுதிவிடுகிறேன், பிறகு பின்வாங்க முடியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கடையின் காசு மேசையில் உங்கள் பத்திரிகை தினமும் கிடக்கும். முதலாளி பின்பக்கத்திலிருந்துதான் வாசிக்கத் தொடங்குவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசிப் பக்கத்தில், எபேசியர் 6:9 ஐயும், எஜமான்கள் வேலைக்காரருக்கு நீதியானதைச் செய்ய வேண்டும் என்று சொல்லும் கொலோசெயர் 4:1 ஐயும் வெட்டி எடுத்து ஒட்டக்கூடிய அளவில் போட முடியுமா? எழுத்துக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். பில் எழுதுகிற பிள்ளை நிற்கிற இடத்திலிருந்தும் வாசிக்கத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
மில்காரி ஒருத்தி,
தருமபுரம், கிளிநொச்சி.