ஆசிரியர் வேலைநிறுத்தத்துக்கு விரைந்து தீர்வு காணவும், இழந்த கற்பித்தல் நாட்களை ஈடுசெய்யவும் கோரும் பெற்றோர் மனு

அனுப்புநர்:
அரசுப் பள்ளிகளில் பயிலும் மாணவர்களின் பெற்றோரும் பாதுகாவலர்களும்

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை

பொருள்: ஆசிரியர் வேலைநிறுத்தம் – பேச்சுவார்த்தைக்குக் காலவரையறை விதித்தல், ஈடுசெய் வகுப்புகளை உடன்படிக்கையிலேயே சேர்த்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

ஊதிய முரண்பாடு, நிரப்பப்படாத பணியிடங்கள், ஒப்பந்த ஆசிரியர்களின் பணிப் பாதுகாப்பு ஆகியவை குறித்துத் தங்கள் துறைக்கும் ஆசிரியர் சங்கங்களுக்கும் இடையே எழுந்த பிணக்கு, வேலைநிறுத்தமாக மாறி வாரக்கணக்கில் நீண்டுகொண்டிருக்கிறது. எந்தத் தரப்பில் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இம்மனுவின் நோக்கமன்று. பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்படுவோர் இரு தரப்பினர் மட்டுமே. ஆனால் அங்கே எடுக்கப்படும், அல்லது எடுக்கப்படாமல் தள்ளிப்போகும் ஒவ்வொரு முடிவின் சுமையும் மூன்றாம் தரப்பான எங்கள் பிள்ளைகள்மீதே விழுகிறது என்பதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறோம்.

பள்ளிகள் மூடப்படவில்லை என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. பதிவேட்டின்படி அது உண்மையே. நடைமுறையில், தலைமையாசிரியரும் பணிக்கு வரும் ஓரிருவரும் பல வகுப்புகளை ஒரே அறையில் அமரவைத்துப் பார்த்துக்கொள்வதையே பள்ளி நடப்பதாகக் கணக்கில் கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கு வருகை பதிவாகிறது, பாடம் நடப்பதில்லை. பொதுத்தேர்வு எழுதவிருக்கும் மாணவர்களின் பாதிப்பு எல்லோருக்கும் தெரிகிறது: பாடப்பகுதிகள் முடியவில்லை, செய்முறைப் பயிற்சி நின்றுவிட்டது, அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை யார் எந்த அடிப்படையில் இடுவார்கள் என்பது தெரியவில்லை. தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் இழப்போ கண்ணுக்குத் தெரியாதது; எங்கள் கருத்தில் அதுவே பெரிது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் பருவத்தில் அன்றாடப் பயிற்சி அறுபட்டால், பிறகு குறிப்பேடு கொடுத்தோ வினாத்தாளை எளிதாக்கியோ அதைச் சரிக்கட்ட முடியாது. சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கு, பழகிய ஆசிரியர் ஒருவர் இல்லாமற்போவதே பள்ளி இல்லாமற்போவதற்குச் சமம்.

இதே காலத்தில் தனியார் பள்ளிகளில் வகுப்புகள் தடையின்றி நடக்கின்றன. ஆண்டிறுதியில் இரு சாராரும் எழுதப்போவது ஒரே தேர்வு, போட்டியிடப்போவது ஒரே கல்லூரி இடங்களுக்கு. வசதியுள்ள வீடுகளில் டியூஷன் வைத்துச் சமாளிக்கிறார்கள். வசதியில்லாதவர்களின் பிள்ளைகளே அரசுப் பள்ளிகளில் பெரும்பான்மை.

குடும்பங்களின் நிலையையும் சொல்ல வேண்டும். சிறு குழந்தையைத் தனியே விட்டு வேலைக்குச் செல்ல முடியாததால், தாயோ தந்தையோ ஊதியத்தை இழந்து வீட்டில் இருக்கிறார்கள், பெரும்பாலும் தாய்தான். அவரும் போயே தீரவேண்டிய நிலையில், மூத்த மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வைக்கிறார்கள். அப்படி நின்ற பெண், வேலைநிறுத்தம் முடிந்ததும் திரும்பி வருவாள் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. பள்ளி உணவை நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு வகுப்போடு அதுவும் நின்றுபோகலாகாது. அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியாவில் 2018-இல் 9 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தபோது, பள்ளி உணவை நம்பியிருந்த பிள்ளைகளுக்காகப் போராட்டத்திலிருந்த ஆசிரியர்களே உணவுப் பொதிகளைத் தயாரித்து வழங்கினார்கள். எனவே, போராடும் ஆசிரியர் பிள்ளைகளுக்கு எதிரானவர் என்று பேசுவது பொருந்தாது என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

இத்தகைய இழப்பு தானே ஆறிவிடும் என்று எண்ணுவதற்கில்லை. பெல்ஜியத்தின் பிரெஞ்சு மொழிப் பகுதியில் 1990-இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தை ஆராய்ந்தவர்கள், அதன் விளைவாக ஒரே வகுப்பில் மீண்டும் படிக்க நேர்ந்த மாணவர்கள் அதிகரித்ததையும், அவர்கள் எட்டிய உயர்கல்வி நிலை தாழ்ந்ததையும் கண்டனர். அர்ஜென்டினா குறித்து 2019-இல் வெளியான ஆய்வொன்று, தொடக்கப் பள்ளிப் பருவத்தில் சராசரி அளவிலான, அதாவது ஏறத்தாழ 88 நாள் வேலைநிறுத்தத்தைச் சந்தித்தவர்களின் பிற்கால வருமானம் ஆண்களிடையே 3.2 விழுக்காடும் பெண்களிடையே 1.9 விழுக்காடும் குறைந்ததாகக் கூறுகிறது. அந்த 88 நாட்களும் ஒரே ஆண்டில் வந்தவையல்ல. தொடக்கப் பள்ளி ஆண்டுகளில் வேலைநிறுத்தங்கள் மீண்டும் மீண்டும் நடந்ததால் சேர்ந்தவை. அதனால்தான், இம்முறை ஏதோ ஒரு வாக்குறுதியோடு போராட்டம் 'தற்காலிகமாக ஒத்திவைக்கப்படுவது' எங்களுக்கு ஆறுதல் தராது.

நாங்கள் முதன்மையாக வலியுறுத்துவது இழந்த நாட்களைப் பற்றியது. 'வேலையில்லையேல் ஊதியமில்லை' என்ற நெறியைத் துறை கடைப்பிடிக்கும்போது, பிடித்தம் செய்யப்பட்ட ஊதியம் அரசிடம் தங்கிவிடுகிறது; ஊதியம் பெறாத நாட்களுக்காகப் பின்னர் கூடுதல் வகுப்பு எடுக்க வேண்டிய கடமை ஆசிரியருக்கு இல்லை. கணக்கு இரு தரப்பிலும் நேராகிவிடுகிறது. மாணவர் இழந்த பாடவேளை மட்டும் எவர் கணக்கிலும் ஏறாமல் விடுபடுகிறது. மாறாக, அந்நாட்களைச் சனிக்கிழமைகளிலோ விடுமுறைக் காலத்திலோ ஈடுசெய்து, ஈடுசெய்யும் நாளுக்குரிய ஊதியத்தை விடுவிப்பதாக உடன்பட்டால், பாடமும் மீளும், தீர்வுக்கு ஒரு வழியும் பிறக்கும். சிகாகோவில் 2019-இல் 11 பள்ளி நாட்கள் நீடித்த வேலைநிறுத்தத்தின் கடைசிக் கட்டத்தில், ஊதியமும் வகுப்பளவும் பேசி முடிக்கப்பட்ட பிறகும், எத்தனை நாட்களை ஈடுசெய்வது என்ற ஒரே கேள்வியால் பள்ளித் திறப்பு தள்ளிப்போனது. முடிவில் 5 நாட்களுக்கு உடன்பாடு ஏற்பட்டது. இதனை இறுதிவரை ஒத்திவைக்காமல் முதல் அமர்விலேயே பேச வேண்டும் என்பதற்கு இது போதிய சான்று. ஈடுசெய்ய இயலாத நாட்கள் எஞ்சுமானால், அவற்றுக்காகப் பிடித்தம் செய்த தொகையை அந்தந்தப் பள்ளியின் குறைதீர் கற்பித்தலுக்கே ஒதுக்குமாறு வேண்டுகிறோம். வேலைநிறுத்தத்தால் அரசுக்கு மிச்சம் ஏற்படுவது முறையன்று.

அடுத்து, பேச்சுவார்த்தை. ஆசிரியர்களின் தகுநிலை குறித்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் 1966 அக்டோபர் 5 அன்று ஏற்ற பரிந்துரையின் 84-ஆம் பத்தி, பணி நிபந்தனைகள் பற்றிய பிணக்குகளைத் தீர்க்க இரு தரப்பும் இடம்பெறும் கூட்டு ஏற்பாடு இருக்க வேண்டும் என்றும், அவ்வழிகள் பயனளிக்காதபோது ஏனைய தொழிற்சங்கங்களுக்குள்ள பிற வழிகளை நாடும் உரிமை ஆசிரியர் அமைப்புகளுக்கும் உண்டு என்றும் கூறுகிறது. போராடும் உரிமையை அது மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே தீர்க்கும் ஏற்பாடு இருந்தாக வேண்டும் என்ற பொறுப்பை வைக்கிறது. இலங்கையில் 2021 ஜூலை முதல் அக்டோபர் வரை ஆசிரியர்களும் அதிபர்களும் (தலைமையாசிரியர்களும்) நடத்திய போராட்டத்தின் வேர், 20 ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்க்கப்படாமல் கிடந்த சம்பள முரண்பாடு. பெருந்தொற்றால் நேரடி வகுப்புகள் ஏற்கெனவே முடங்கியிருந்த நிலையில், இணையவழிக் கற்பித்தலும் அப்போது நின்றது.

எனவே, இரு தரப்பும் ஏற்கும் நடுவர் ஒருவரை உடனடியாக நியமித்து, பேச்சுவார்த்தை அமர்வுகளின் நாட்களையும் முடிக்க வேண்டிய இறுதி நாளையும் எழுத்துபூர்வமாக வெளியிடுமாறு கோருகிறோம். பேச்சு நடக்கும் காலத்தில் குறிப்பாணை, தற்காலிகப் பணிநீக்கம், பணிமாறுதல் போன்ற நடவடிக்கைகளை நிறுத்திவைப்பதே விவேகமாகும். அவை ஒவ்வொன்றும், மூலக் கோரிக்கை தீர்ந்த பின்னரும் போராட்டத்தைத் தொடரவைக்கும் புதிய கோரிக்கையாக மாறிவிடுகின்றன. அதேபோல், பயிற்சி பெறாதவர்களைத் தற்காலிகமாக வகுப்பில் நிறுத்துவதையும் தவிர்க்க வேண்டும். பொதுத்தேர்வு அட்டவணையையும் அகமதிப்பீட்டு விதிகளையும் இழந்த நாட்களுக்கேற்ப மறுஆய்வு செய்து, தேர்வுக்குப் போதிய காலம் முன்னதாக அறிவிக்கவும், தீர்வு எட்டப்படும்வரை எல்லாப் பள்ளிகளிலும் உணவு வழங்கல் நிற்காமலிருக்கவும், வருகை குறைந்த மாணவர்களின் பெயர்களை இடைநின்றோர் என நீக்காமலிருக்கவும் ஆணையிடுமாறு வேண்டுகிறோம்.

ஈடுசெய் வகுப்புகளுக்கான திட்டம் வகுக்கப்படும்போது பள்ளிவாரியாகப் பெற்றோர் பிரதிநிதிகளைக் கலந்தாலோசித்தால், போக்குவரத்து, நேரம் ஆகியவற்றில் எங்களால் இயன்ற ஒத்துழைப்பை அளிக்க ஆயத்தமாக இருக்கிறோம். இம்மனுவின்மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், தங்களை நேரில் சந்திக்க ஒரு நாளை ஒதுக்கித் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவர்களின் பெற்றோர், பாதுகாவலர்கள்

நகல்: ஆசிரியர் சங்கங்களின் ஒருங்கிணைப்பாளர்களின் கவனத்துக்கு.