கவிதையை எந்த வரிசையில் வைப்பது?

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குப் புதுச்சேரியில் வேலை. தினமும் பஸ்ஸுக்கு ஓடுகிறாள். மாடி ஒழுகல் மட்டும் அப்படியே இருக்கிறது. கொத்தனார் நாளைக்கு, நாளைக்கு என்கிறார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அழகியல், அதாவது கலையையும் அழகையும் பற்றிய தத்துவம், அந்தப் புத்தகத்தைத் திறந்தால் ஓவியமும் இசையும்தான் வருகின்றன, இலக்கியத்தை ஏன் ஓரமாக உட்கார வைக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். பழைய ஆட்கள் அப்படிச் செய்யவில்லை. 1790இல் ஜெர்மன் தத்துவக்காரர் கான்ட் கவிதைக்குத்தான் முதலிடம் கொடுத்தார். அவருக்குப் பின் வந்த இன்னொரு ஜெர்மன் தத்துவக்காரர் ஹெகலும் அப்படியே: கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, கடைசியில் உச்சியில் கவிதை. கல், நிறம், ஓசை என்று பருப்பொருளின் பிடி தளரத் தளரக் கலை உயர்கிறது என்பது அவர் கணக்கு. கவிதையில் ஓசை பொருளைச் சுட்டும் வெறும் அடையாளம். செய்யுளை உரைநடையாக்கினாலும் பெரிய நட்டமில்லை என்கிறார்.

இங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் நம் ஊர்க் கரையேறி, பாடலேசுவரர் முன் பாடியதாகச் சொல்லும் பதிகத்தை எடுத்துக்கொள். ‘ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய் உடன் தோன்றினராய்’ என்று தொடங்கும். ஈன்றா, மூன்றா, ஏன்றா, தோன்றா என்று நான்கடியிலும் எதுகை விழுகிறது. அந்த எதுகைதான் நம்மைக் கடைசி அடிக்கு இழுத்துப் போகிறது. முதலடியில் உடன்பிறந்தவர்கள் ‘தோன்றினர்’. கடைசி அடியில் இறைவன் ‘தோன்றாத் துணை’. கண்ணெதிரே இருந்த உறவு கண்ணுக்குத் தெரியாத துணையாக மாறுவது அந்த ஓசையில்தான் நடக்கிறது. ‘தாயும் தந்தையும் உடன்பிறந்தாருமாகி, காணாத் துணையாக இருந்தான்’ என்று உரைநடையில் எழுதிப் பார். பொருள் முழுசாக இருக்கும், பாட்டு இருக்காது.

இதற்காக, கவிதை என்றால் ஓசைதான் என்றும் நான் சொல்லமாட்டேன். அர்த்தம் தெரியாதவன் காதில் அந்த எதுகை வெறும் தாளம். இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் தத்துவக்காரர்களைப் படுத்துகிறது. அமெரிக்கத் தத்துவக்காரர் நெல்சன் குட்மன் 1968இல் இன்னொரு சிக்கலைக் காட்டினார். ஓவியத்துக்கு அசல் உண்டு, போலி உண்டு; கவிதையை எழுத்துப் பிசகாமல் நகலெடுத்தால் நகலும் அந்தக் கவிதையேதான். சிதம்பரத்தில் தேவார ஏடுகளைச் செல்லரித்த கதை உனக்குத் தெரியும். ஒரு செப்புத் திருமேனி உருகிப்போனால் போனதுதான். பதிகமோ எந்த ஏட்டில் மிஞ்சினாலும் முழுப் பதிகம். சுட்டிக்காட்ட ஒரு பொருள் கிடையாது. அதனால்தான் சுவரில் மாட்டியதைப் பார்த்துக் கோட்பாடு எழுதுகிறவர்களுக்கு இலக்கியம் பிடிபடுவதில்லை என்று நினைக்கிறேன். உச்சியோ ஓரமோ, இதை வரிசையில் வைக்கப் பார்ப்பதே வீண் வேலை.

நீ எப்போதும் இசைக் கட்சி, ஒப்புக்கொள்ளமாட்டாய். பொங்கலுக்கு வா, ஓதுவார் பாடுவதைக் கேட்டுவிட்டுச் சண்டை போடலாம். வரும்போது நீ இரவல் கொண்டுபோன கான்ட் அறிமுக நூலையும் மறக்காமல் எடுத்து வா. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
ராஜேந்திரன்