ராபர்ட் எட்வர்ட்ஸ், இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்

அன்புள்ள ராபர்ட் எட்வர்ட்ஸ்,

வருடாவருடம் நட்சத்திர வீரர்கள் ஆடும் ப்ரோ பௌலில் இனி யாரும் யாரையும் இடித்துச் சாய்க்க வேண்டாம், இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் போதும் என்று அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல் 2023இல் ஆட்டத்தையே மாற்றியது. அப்பாடா, இனி அடிபடாது என்று பலர் சொன்னார்கள். எனக்கு உங்கள் முழங்கால்தான் ஞாபகம் வந்தது.

மாற்றியது சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த ஆட்டம் ஆட்டமாக இருந்தே ரொம்ப நாள் ஆகியிருந்தது. பிளிட்ஸ், அதாவது பந்தை வீசுபவர் மேல் கூடுதல் ஆட்கள் பாய்வது, கூடாது என்று விதியே இருந்தது. 2012இல் ஹொனலூலுவில் 59-41 என்று முடிந்த ஆட்டத்தில், காசு கொடுத்து வந்த கூட்டமே வெறுத்துப்போய்க் கூச்சல் போட்டது. 2007இல் தடுப்பாட்டக்காரர் ஷான் டெய்லர் மட்டும் நிஜமாகவே ஆடினார். பந்தோடு ஓடிய பன்ட்டர் (பந்தை உதைத்து அனுப்புபவர்) பிரையன் மூர்மனை அவர் இடித்துத் தூக்கி எறிந்ததைத்தான் இன்றுவரை எல்லோரும் போட்டுப் போட்டுப் பார்க்கிறோம் (நானும்தான், வெட்கமில்லாமல்).

ஆனால் பட்டை கட்டினால் பத்திரம் என்கிற பேச்சு உறுத்துகிறது. 1999 பிப்ரவரியில், இதே ப்ரோ பௌல் வாரத்தில், வைகீகீ கடற்கரை மணலில் நீங்கள் ஆடியது இதே பட்டை உருவும் ஃப்ளாக் ஃபுட்பால்தானே? பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் கர்ட்டிஸ் மார்ட்டின் விட்டுப்போன இடத்துக்கு வந்து, முதல் வருடமே நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்காக 1,115 கெஜம் ஓடி முடித்த கையோடு போனீர்கள். அதுவும் பெரிய ஆட்டத்துக்குக்கூட இல்லை, அறிமுக வீரர்களுக்கென்று வைத்த பக்கத்து வேடிக்கைக்கு. பந்துக்காக எகிறிக் கீழே இறங்கினீர்கள், அவ்வளவுதான். மூட்டு நழுவி, ஜவ்வுகள் கிழிந்து, ரத்தக் குழாயும் சேதமாகி, காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர்கள் பேசும் அளவுக்குப் போய்விட்டது. இடித்துச் சாய்க்கும் டேக்கிளே இல்லாத ஆட்டம் அது!

மறுபடி என்.எஃப்.எல் ஆட்டத்தில் உங்களைப் பார்க்க 2002 ஆனது. மயாமி டால்ஃபின்ஸ் சட்டையில் முதல் ஆட்டத்திலேயே பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் இரண்டு டச்டவுன். அதைப் பற்றி எழுதினால் நாலு பக்கம் போகும், இன்னொரு நாள் பார்க்கலாம்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் ஃப்ளாக் ஃபுட்பால் வருகிறது, தங்கள் வீரர்களும் அதில் சேர முயலலாம் என்று அணி உரிமையாளர்கள் 2025இலேயே அனுமதித்துவிட்டார்கள். இது விளையாட்டுக்கு ஆடும் ஆட்டமாக இருக்காது, பதக்கத்துக்காக எல்லோரும் உயிரைக் கொடுத்து எகிறுவார்கள். அந்தப் பையன்களிடம் நீங்கள் ஒருமுறை பேச வேண்டும் என்று எனக்கு ஆசை. பயமுறுத்த இல்லை, ஆடட்டும், தாராளமாக ஆடட்டும். கால் போனால் மறுவருட சம்பளத்தை யார் தருவார்கள், சிகிச்சைக்கு யார் பொறுப்பு என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள் என்று சொல்ல. ஏஜென்ட் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.