119-வது பறவை

அன்புள்ள தம்பிக்கு,

அன்றிரவு பறவைப் பட்டியலைக் கூட்டி முடித்த பிறகு நான் உன்னிடம் பேசவில்லை. வண்டியை விட்டு இறங்கும்வரை நீயும் வாய் திறக்கவில்லை. பத்து நாளாகிவிட்டது. நேரில் சொன்னால் சொதப்பிவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நமக்குப் பணம் கொடுத்தவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

மணி பதினொன்று நாற்பது. ஒரே டார்ச் வெளிச்சத்தில் நாலு தலையும் நோட்டின் மேல் கவிழ்ந்திருந்தன. நள்ளிரவில் தொடங்கிய ஓட்டம் நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. மொத்தம் 119 இனங்கள். நாம் வைத்துக்கொண்டிருந்தது ‘பிக் டே’ விதி, அதாவது ஒரே நாளில் எத்தனை இனப் பறவைகள் கிடைக்கும் என்று ஓர் அணி ஓடி எண்ணும் ஆட்டத்தின் விதி: பட்டியலில் 95 சதவீதமாவது அணியில் எல்லாருக்கும் கிடைத்திருக்க வேண்டும். மீதியை இரண்டு பேராவது பார்த்திருக்க வேண்டும், அல்லது கேட்டிருக்க வேண்டும். அப்படி அரைகுறையாகக் கிடைத்ததை ‘டர்ட்டி பேர்ட்’ என்பார்கள். நம்மிடம் சந்தேகமில்லாமல் ஐந்து இருந்தன. அதில் ஒன்று என் உபயம். வல்லூறு தலைக்கு மேல் போனபோது நான் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். ஆறாவது, விடிவதற்கு முன் நாணலுக்குள்ளிருந்து ஒரே ஒரு தடவை கத்திய கானாங்கோழி. 113-ஐ 119-ஆல் வகுத்தால் 94.96.

கைப்பேசியில் அந்த எண்ணைப் பார்த்ததும் அக்கா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “டேய், நல்லா யோசிச்சுச் சொல்லு. லேசாக்கூடவா காதுல விழல?” என்றேன். நீ நிஜமாகவே யோசித்தாய். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. “இல்லண்ணா. நான் தெர்மாஸ் மூடியைத் திருகிட்டிருந்தேன். நீங்க மூணு பேரும் திரும்பினப்பதான் ஏதோ கத்தியிருக்குன்னே தெரிஞ்சுது.”

அக்கா பேனாவால் ஒரு கோடு இழுத்தார். 118.

எனக்கு ஏன் கோபம் என்று உனக்குத் தெரியும். ‘ஓர் இனத்துக்கு இவ்வளவு’ என்று எழுதிக் கொடுத்தவர்கள் முப்பது பேர். ஒரு பறவை குறைந்தால் முப்பது பேரிடமிருந்தும் ஒரு பங்கு போகிறது. அந்தப் பணம் போய்ச் சேர்வதோ அதே மாதிரி நாணல் காடுகளைக் காப்பாற்ற. கானாங்கோழிக்குப் போகவேண்டிய பணத்தைக் கானாங்கோழியின் பெயராலேயே ஒரு பையன் தடுக்கிறானே என்று தோன்றியது. ஒரு ‘ம்’ சொன்னால் போதுமே, யாருக்கு நஷ்டம்?

பிறகு நாலைந்து நாள் இதே யோசனையாக இருந்தது. இந்த மாதிரி நிதி திரட்டல் புதிதல்ல. கனடாவில் லாங் பாயின்ட் பறவை ஆய்வகத்தார் 1976-லேயே தொடங்கிவிட்டார்கள். 1984-ல் நியூ ஜெர்சியில் பீட் டன் ‘வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் பேர்டிங்’ போட்டியைத் தொடங்கியபோது, அவரும் பறவைக் கையேடுகள் எழுதிய ரோஜர் டோரி பீட்டர்சனும் இருந்த அணி 201 இனங்களைப் பார்த்து வென்றது. அந்த 201-ஐயும் யார் கூடவே போய்ச் சரிபார்த்திருக்க முடியும்? ஓட்டப்பந்தயம் என்றால் தரையில் கோடு இருக்கும். நமக்கு இருப்பது பக்கத்தில் நிற்பவரின் கண்ணும் காதும் மட்டும்தான். இனத்துக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்த முப்பது பேரும் அந்த நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இஸ்ரேலின் எய்லாட்டில் 2014-ல் தொடங்கிய ‘சாம்பியன்ஸ் ஆஃப் தி ஃப்ளைவே’ பற்றி உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். போட்டி போடும் அணிகளே எந்தப் பறவை எங்கே இருக்கிறது என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் போட்டி அது. முதல் வருஷம் திரண்ட நிதி, ஜார்ஜியாவின் பட்டுமி வழியாக வலசை போகும் பருந்துகளையும் கழுகுகளையும் சுட்டுத்தள்ளுவதைத் தடுக்கும் வேலைக்குப் போனது. அங்கே அதிகப் பறவை பார்த்த அணிக்கு ஒரு பட்டம், அதிக நிதி சேர்த்த அணிக்கு வேறு பட்டம். கெட்டிக்காரர்கள். பறவையையும் பணத்தையும் ஒரே முடிச்சில் போட்டால் மனிதன் எப்படி ஆகிறான் என்பதற்கு அன்றிரவு நானே சாட்சி.

இதையெல்லாம் விட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

அன்று விடிவதற்கு முன், நாணல் ஓர இருட்டில் அக்கா விரலை உயர்த்தினார். “கேட்டுச்சா? பன்றிக்குட்டி மாதிரி” என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்டது உண்மை. அவர் பன்றிக்குட்டி என்று சொன்ன பிறகு அது பன்றிக்குட்டியாகத்தான் கேட்டது. அதற்கு முன்னால் என்னவாகக் கேட்டது என்று இப்போது எவ்வளவு முயன்றாலும் நினைவுக்கு வரவில்லை. தவளையாகக்கூட இருந்திருக்கலாம். அக்காவுக்கும் நம் நாலாவது ஆளுக்கும் சந்தேகமே இல்லை, அவர்கள் காது அப்படி. ஆனால் டார்ச் வெளிச்சத்தில் நான் உன்னைக் குடைந்துகொண்டிருந்தேனே, அப்போது “எனக்கும் நிச்சயமில்லை” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தாலும் எண்ணிக்கை மாறியிருக்காது. நீ தனியாக நின்றிருக்க மாட்டாய்.

118 என்று முப்பது பேருக்கும் எழுதிவிட்டேன்.

அடுத்த வருஷம் ஓட வேண்டாம் என்கிறார் அக்கா. ‘பிக் சிட்’ முறையில், 17 அடி விட்டத்தில் ஒரு வட்டம் போட்டு, நாள் முழுக்க அதற்குள்ளேயே உட்கார்ந்து எண்ணலாமாம். வட்டத்துக்குள் இருந்தபடி பார்த்ததும் கேட்டதும் மட்டும்தான் கணக்கு. பெட்ரோல் மிச்சம், என் முழங்காலும் வாழ்த்தும். நாணல் ஓரமாகவே வட்டத்தைப் போடுவோம். இருட்டில் நான் தலையாட்டினால், என்ன கேட்டது என்று என்னைக் கேள்.

நோட்டு உன்னிடம் இருக்கட்டும். பேனா மட்டும் வேண்டாம், பனியில் மை கலைந்து அன்றைக்குப் பாதி உள்ளான்களின் பெயர்கள் யாருக்கும் புரியாமல் போயின. பென்சில் கொண்டு வா.

அன்புடன்,
அண்ணன்